ரத்தத்தில் இருப்பது

1994-ஆம் வருஷம் நான் ஓர் உண்மையைச் சொன்னேன். அதனால் ஒரு கல்யாணம் நின்றது.

பெண் வீடு அடி அண்ணாமலை. திருவண்ணாமலைப் பெரிய கோயிலுக்கு மறுபுறம், மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையில் இருக்கிற சிற்றூர். பெண்ணின் தகப்பனார் எனக்கு நெடுநாளைய சிநேகிதர். பையன் வீட்டார் என்னிடம் வந்து, "குடும்பம் எப்படி?" என்று விசாரித்தார்கள். "நல்ல குடும்பம். பெண்ணின் சித்தப்பாவுக்குத்தான் சித்தப்பிரமை" என்றேன். வந்தவர்கள் காப்பியை முழுக்கக் குடிக்காமலே எழுந்துவிட்டார்கள். "ரத்தத்தில் இருக்கிறதே!" என்று அவர்களில் பெரியவர் ஒருவர் முணுமுணுத்தது இன்னும் என் காதில் நிற்கிறது. பையன் குடிப்பவனா என்று பெண் வீட்டில் யாராவது விசாரித்தார்களா, தெரியாது. அதெல்லாம் ரத்தத்தில் சேராது போலிருக்கிறது!

கேட்டவர்களிடம் பொய் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியையே பதிலாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் நிம்மதியாக இருந்தேன். மூளையையும் மரபணுக்களையும் பற்றிச் சமீபத்தில் படிக்கப் போய், அந்த நிம்மதி போயிற்று.

அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் உண்டு. திருவெம்பாவை பிறந்த இடம் அதுதான் என்பார்கள். ஓதுவார் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரு திருமுறையும் அவர் நெஞ்சில் இருக்கலாம். மார்கழி விடியலில் அவர் வாயில் எழுவது திருவெம்பாவைதான். மற்றவை அழிந்துவிடவில்லை, மௌனமாக இருக்கின்றன. நம் உடம்பின் அநேகமாக எல்லா உயிரணுக்களிலும் இப்படித்தான் ஒரே ஏடு இருக்கிறது. ஈரல் ஒரு பகுதியைப் படிக்கிறது, மூளை வேறொரு பகுதியைப் படிக்கிறது. புரதங்களைச் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஏட்டின் நீளத்தில் அந்தச் செய்முறை எழுதிய பகுதி நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மிச்சத்தில் ஒரு பங்குதான் எதை, எப்போது, எவ்வளவு உரக்கப் படிப்பது என்று தீர்மானிக்கிறது.

ஸ்கிஸோஃப்ரினியா என்கிற மனோவியாதியோடு தொடர்புள்ள இடங்கள் ஏட்டில் 287 என்று 2022-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை செய்முறையில் இல்லை. படிக்கும் முறையில் இருக்கின்றன. பொதுவாக ஒவ்வொன்றும் கூட்டுவது எள்ளளவு. ஒரே முட்டையில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான். ஏடு ஒன்றுதானே, ஏன் இப்படி? 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கொடும் பஞ்சம். அதன் உச்சத்தில் கருவான குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. தாயின் பசி, சிசுவின் ஏட்டைப் படிக்கும் விதத்தை மாற்றியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். பெரியவர் சொன்ன 'ரத்த'த்தில் இந்தப் பசிக்கு இடம் எங்கே?

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. உண்டு, கணிசமாகவே உண்டு. ஊரில் நூற்றுக்கு ஒருவருக்கு வருகிற நோய், சித்தப்பாவுக்கு இருந்தால் அந்தப் பெண்ணுக்கு வர நூற்றுக்கு மூன்று, நான்கு வாய்ப்பு. அப்படியானால் மீதித் தொண்ணூற்றாறு? அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அது உண்மை. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது என்பது சரியான சமாதானம்தான். ஆனால் தெரியாத விஷயத்தில் அவ்வளவு நிச்சயமான குரலில் பேச எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? சென்னையில் டாக்டர் சாரதா மேனன் இந்த நோயாளிகளுக்காகவே 'ஸ்கார்ஃப்' ஸ்தாபனத்தை 1984-லேயே தொடங்கிவிட்டார். அங்கே போய்க் காட்டுங்கள் என்று சிநேகிதரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பையன் வீட்டாரிடம் சொல்ல மட்டும் நாக்கு எழுந்தது.

போன மாதம் அடி அண்ணாமலைக்குப் போயிருந்தேன். தம்பி மாத்திரை சாப்பிடுகிறார். திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பெயர் சொல்லி வரவேற்றார். பெண்ணுக்கு நான்கு வருஷம் கழித்து வேறிடத்தில் கல்யாணமாகி, இப்போது காலேஜில் படிக்கிற பையன் இருக்கிறான். சிநேகிதர் காப்பியை ஆற்றிக் கொடுத்தபடி, "அன்றைக்கு யார் போய்ச் சொன்னார்களோ, கடைசி வரைக்கும் தெரியவில்லை சார்" என்றார்.

நான் காப்பியைக் குடித்தேன். அவர் இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர்.