இடம் இல்லை

என் கம்ப்யூட்டரில் இடம் இல்லையாம். ஒரு மாதமாகவே அது முறையிட்டுக் கொண்டிருந்தது. நான்தான் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 'சி' டிரைவின் நீலக் கோடு சிவப்பாகிவிட்டது. பத்தில் ஒரு பங்குகூடக் காலி இல்லை என்பதற்கு அது அடையாளம். 100 ஜி.பி. கொண்ட அறையில் மிச்சம் மூன்றுதான். நான் தட்டிய எழுத்து திரைக்கு வருவதற்கே யோசித்தது.

அக்காள் மகன் வந்து உட்கார்ந்தான். "முதலில் குப்பையைத் தள்ளுவோம், மாமா" என்றான். விண்டோஸ் சமீபத்தில் தன்னைப் புதுப்பித்துக் கொண்டபோது, தன் பழைய உருவத்தை மூலையில் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. புதியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போக வசதியாம். பத்து நாள் தவணை. பிறகு தானே அழித்துவிடும். மனிதனுக்கு அந்தத் தவணை இருந்தால் எத்தனை பேர் திரும்பிப் போவோம்? அந்த மூட்டையும், தற்காலிகக் கோப்புகளும், வேறு என்னென்னவோ குப்பையும் போயின. 22 ஜி.பி. கிடைத்தது. எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெருக்கத் தொடங்கிய கை சும்மா இருப்பதில்லை. நாலு வருஷத்துக்கு முன் பாதியில் விட்ட நாவல் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு நண்பரைப் பற்றியது. பெயரை மாற்றியிருந்தேன், மூக்கை மாற்றவில்லை. கஷ்ட காலத்தில் எனக்குக் கேட்காமலே பணம் கொடுத்தவர் அவர். வாங்கியவனுக்குக் கொடுத்தவன் மேல் உள்ளுக்குள் ஒரு கோபம் ஊறுமே, அதைத் தின்று வளர்ந்தது அந்த நாவல். நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் சங்கடம்.

"இடம் இல்லையே, இதுவும் போகட்டும்" என்றேன்.

பையன் சிரித்தான். "மொத்தமே இரண்டு எம்.பி. மாமா! நீங்கள் போனில் எடுத்த ஒரு போட்டோ இதைவிடப் பெரிசு."

1956-ல் ஐ.பி.எம். கொண்டு வந்த முதல் டிஸ்க் இயந்திரத்தில், இரண்டு அடி அகலத் தட்டுகள் ஐம்பது. அத்தனையிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துக்கள்தாம் அடங்கின. இயந்திரத்தின் கனமோ ஒரு டன்னுக்கு மேல். அன்று இந்தச் சாக்கைச் சொல்லியிருந்தால் நியாயம். இன்று செல்லுமா? வீட்டில் இடம் இல்லை என்று தாயைத் தம்பி வீட்டுக்கு அனுப்பும் அண்ணன்மார்களை என் கதைகளில் எத்தனை முறை ஏசியிருக்கிறேன்! அவர்கள் வீட்டில் இடம் இருந்தது என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

"வேண்டுமானால் 'டி' டிரைவில் போடட்டுமா?" என்றான். அதுவும் அதே டிஸ்க்தானாம்; நடுவே சுவர் ஒன்று, அவ்வளவுதான். வேண்டாம் என்று நானே அழித்தேன். குப்பைத் தொட்டிக்குப் போயிற்றே ஒழிய இடம் துளிகூடக் கூடவில்லை. தொட்டி இருப்பதும் அதே அறையில்தானே! தொட்டியைக் கொட்டினாலும், இந்தப் பழைய சுழல் டிஸ்க்கில் பதிவேட்டில் பெயரை அடிப்பது மட்டுமே நடக்குமாம். 'காலி' என்று எழுதிய இடத்தில், வேறொன்று மேலே எழுதப்படும்வரை என் வாக்கியங்கள் அப்படியே கிடக்கும்.

நான் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று அன்றிரவு யோசித்தேன். நண்பரையா? அந்தப் பக்கங்களைப் படிக்கிறவன் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வது கொஞ்சம். என்னைப் பற்றியோ முழுசும் தெரிந்துகொள்வான். அப்படியானால் நான் அழிப்பது அவதூறையா, சாட்சியத்தையா? வைத்துக் கொள்வதில் மட்டும் என்ன யோக்கியம்? என்றாவது பிரசுரிக்கலாம் என்ற ஆசை அதற்குள் ஒளிந்திருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "என்ன ஓய், உம்ம மெஷின் இப்போ ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுகிறது. 25 ஜி.பி. காலி" என்றேன்.

தொட்டியை இன்னும் கொட்டவில்லை.