பழி தீர்த்த மகனும் பாவம் தீர்த்த மகனும்

தந்தைக்கு மகன் ஆற்ற வேண்டிய கடன் யாது? தந்தையைக் கொன்றவனைக் கொல்வதே அக்கடன் என்று உலகம் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளது. மேலைநாட்டு அவல நாடகங்கள் பலவும் இதைச் சுற்றியே எழுந்தன. தந்தையின் பொருட்டுத் தாயையே கொன்றான் கிரேக்க நாடகத்து ஓரெஸ்டஸ். பழி முடித்த அன்றே தானும் மடிந்தான் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட். நம் இதிகாச புராணங்களோ இவ்வினாவுக்கு இரு விடைகளைக் காட்டுகின்றன.

ஜமதக்னி முனிவரின் ஹோமதேனுவைக் கார்த்தவீரியார்ச்சுனன் கவர்ந்தான். பரசுராமர் அவனை வதைத்துப் பசுவை மீட்டார். தந்தை மகிழவில்லை. பொறுமையே அந்தணர்க்கு அணி எனக் கடிந்து, அரசனைக் கொன்ற பாவம் தீரத் தீர்த்த யாத்திரை செல்லப் பணித்தார். பின்னர், கார்த்தவீரியனின் புதல்வர்கள் பரசுராமர் இல்லாத வேளை பார்த்து, தியானத்தில் அமர்ந்திருந்த முனிவரின் தலையைக் கொய்தனர். அவர்களும் தந்தைக்காகப் பழி தீர்த்த மக்களே! அதன்பின் பரசுராமரின் மழு மூவேழு முறை, அதாவது 21 முறை, அரச குலத்தை அறுத்தது. சமந்தபஞ்சகத்தில் ஐந்து மடுக்கள் குருதியால் நிறைந்தன என்கிறது பாரதம். பொறுமையைப் போதித்த தந்தையின் பெயராலேயே பொறுமை கைவிடப்பட்டது. முடிவில் பித்ருக்களே தோன்றி, "பொறுத்தருள்" என்று தடுத்தனர். எம்பெருமானின் ஆவேசாவதாரத்துக்கே இவ்வுரை வேண்டியிருந்ததெனில், மற்றையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்நிலத்திலேயே பின்னர் பாரதப் போரும் நிகழ்ந்தது. துருபதனைத் துரோணர் கொன்றார். துரோணரைத் துருபதன் மகன் கொன்றான். அவனைத் துரோணர் மகன் அசுவத்தாமன் நள்ளிரவில் கொன்றான். ஒரு குற்றமும் அறியாது உறங்கிய திரௌபதியின் புதல்வர் ஐவரும் அவ்விரவிலேயே மாண்டனர். பழி ஒருபோதும் உரியவனோடு நிற்பதில்லை.

இனி மற்றொரு மகனைக் காண்போம். இரணியனின் சீற்றத்துக்கு வேர், உடன்பிறந்த இரணியாக்ஷனை வதைத்த திருமால்மீது கொண்ட பழியுணர்ச்சியே. அச்சீற்றம் பெற்ற பிள்ளையையே யானைக் காலிலும் தீயிலும் இட்டது. நரசிங்கப் பெருமான் தூணினின்று தோன்றி இரணியனை முடித்தபின், "வரம் கேள்" என்றருளினார். பிரகலாதன் தனக்கென ஒன்றும் விழையவில்லை. கொன்றவர்மீது சினமும் இல்லை. கொடுமை செய்த தந்தைமீது வெறுப்பும் இல்லை. தேவரீரை நிந்தித்த என் தந்தையின் பாவம் தொலைய வேண்டும் என்பதே அவன் வேண்டிய வரம். உன் தந்தை மட்டுமன்று, மூவேழு முன்னோரும் தூயராயினர் என்றருளிய பெருமான், தந்தைக்குரிய ஈமக்கடன்களைச் செய்யவும் அவனைப் பணித்தார்.

அங்கே ஒரு தந்தைக்காக அறுபட்டவை மூவேழு தலைமுறை. இங்கே ஒரு மகனால் கரையேறியவர் மூவேழு தலைமுறை. எண் ஒன்றே, பயன் வேறு.

உற்சவத்தில் பெருமாளைச் சேவிக்க வரும் அன்பர்களில், தந்தையார் காலத்து வரப்புச் சண்டையையும் பேச்சற்ற பங்காளிப் பகையையும் சொத்தோடு சொத்தாகப் பெற்றவர் இலரோ? எள்ளும் நீரும் வார்க்கும் கை, உறவின்மேல் ஓங்கிய கையாக இருத்தல் தகுமோ? முன்னோர் விட்டுச் சென்ற பகையைச் சந்நிதியிலேயே விட்டுச் செல்வதும் ஒரு தர்ப்பணமே. பிரகலாதவரதன் அதனை உவந்து ஏற்றருள்வான்.

சுபமஸ்து.