நாவும் கயிறும்



நியாயாதிபதிகள் ஆகமம் 12-ம் அதிகாரத்தை நம்மில் வாசித்தவர்கள் வெகு சிலரே. வாசிக்க மனம் வராத பகுதியுங்கூட. கலாத் நாட்டார் யோர்தான் ஆற்றின் துறைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். சண்டையில் தோற்று ஓடிவருகிற எப்பிராயீம் கோத்திரத்தார் அந்த ஆற்றைக் கடந்தாக வேண்டும். வருகிறவனை நிறுத்தி, "ஷிபொலேத்" என்று சொல் பார்ப்போம் என்கிறார்கள். எபிரேய பாஷையில் தானியக் கதிருக்கு அந்தப் பெயர். எப்பிராயீம் மனிதனுடைய நாவுக்கு "ஷி" வராது, "சி" என்பான். அவ்வளவுதான், ஆற்றங்கரையிலேயே வெட்டிப்போட்டார்கள். அப்படி மாண்டவர்கள் 42,000 பேர் என்று வேதாகமம் கணக்குச் சொல்லுகிறது. வெட்டியவரும் வெட்டுண்டவரும் யாக்கோபின் சந்ததியார். ஒரே சர்வேசுரனைத் தொழுதவர்கள்.

அது பழைய ஏற்பாட்டுக் காலத்தோடு போயிற்று என்று எண்ணுவோமானால், தூத்துக்குடிக் கடலுக்கு அப்பால் இருக்கிற கொழும்புப் பட்டணத்தைச் சற்றுப் பார்ப்போம். நமக்கு அது அந்நிய ஊர் அல்ல. கடை வைக்கவும் கூலி வேலைக்கும் நம் நெல்லைச் சீமையிலிருந்து கப்பலேறியவர்கள் ஏராளம். (பெயரளவில் இலங்கையின் தலைநகரம் பக்கத்திலுள்ள கோட்டே, நாடாளுமன்றம் 1982-ல் அங்கே போயிற்று. ஆனாலும் ஜனங்களுக்குத் தலைநகரம் கொழும்புதான்.)

1983-ம் வருஷம் ஜூலை 23-ம் தேதி இரவு யாழ்ப்பாணத்தில், நம் திருநெல்வேலியின் பெயரையே உடைய ஓரிடத்தில், புலிகள் 13 இராணுவத்தாரைக் கொன்றார்கள். மறுநாள் கொழும்பில் பொரளை மயானத்தில் அடக்கத்துக்கென்று திரண்ட கூட்டம், தமிழருடைய வீடுகளையும் கடைகளையும் கொளுத்தப் புறப்பட்டது. எந்த வீடு தமிழர் வீடு என்று அறிய வாக்காளர் பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. வெலிக்கடைச் சிறைச்சாலையிலே இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். மொத்தம் எத்தனை உயிர்? அரசாங்கம் சில நூறு என்றது. மூவாயிரம் வரை சொல்வாரும் உண்டு.

தெருவிலே அகப்பட்டவனிடம் பட்டியல் செல்லாதல்லவா? அவனைத் தண்ணீர் வாளிக்குச் சிங்களத்தில் உள்ள பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதலெழுத்தின் அழுத்தம் தமிழன் நாவில் எளிதில் விழாது. விழவில்லையென்றால் அவன் கதி தெரிந்துபோம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் சிங்களரின் சொந்தச் சொல்லும் அன்று, போர்த்துக்கீசர் விட்டுப்போனது. அங்கே கதிர், இங்கே வாளி. வயிற்றுக்குச் சோறும் வாய்க்குத் தண்ணீரும் தருகிற பொருட்களின் பெயர்களையே மனிதன் கத்தியாக்கிக்கொண்டான்.

பெரிய குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த அர்ச். இராயப்பரையும் பேச்சைக் கொண்டுதானே கலிலேயன் என்று கண்டுபிடித்தார்கள்? பயந்துபோய் ஆண்டவரையே அறியேன் என்று சத்தியம் பண்ணினார். பொட்டை அழித்துக்கொண்டு, வாய் திறவாமல், தன் பெயரையும் மறைத்துக்கொண்டு அன்று கொழும்புத் தெருக்களில் நடந்த தாய்மாரை நாம் குறை சொல்லத் துணிவோமா?

ஆனால் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் வேறொன்று. அந்த நாட்களில் எத்தனையோ சிங்களக் குடும்பத்தார் அடுத்த வீட்டுத் தமிழரைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். அவர்களில் பௌத்தரும் உண்டு, நம் வேதக்காரரும் உண்டு. இது லேசான காரியமா? வாசலில் தடியும் பெட்ரோலுமாகக் கூட்டம் நிற்கிறது. ஒளித்தது தெரிந்தால் இந்த வீட்டுக்கும் நெருப்புத்தான். உள்ளே அவர்களுடைய சொந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். கூட்டத்தில் நிற்கிறவர்களோ அந்நியர் மட்டுமல்ல, தெருவிலே தெரிந்த முகங்களும் உண்டு. அந்த வேளையில் "இங்கே யாரும் இல்லை" என்று கதவருகே நின்று சொன்ன வீட்டுத் தகப்பனை நினைத்துப் பாருங்கள். சமாரித்தன் உவமையை நாம் பிள்ளைகளுக்கு இலேசாய்ச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சமாரித்தனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் இரண்டு பணமும்தான் செலவு. இவர்கள் தங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் பந்தயமாக வைத்தார்கள்.

அதன்பின் 26 வருஷம் யுத்தம். நியாயமாய்ப் பேசவேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1996 ஜனவரி 31-ந் தேதி மத்திய வங்கியிலே புலிகள் வெடிகுண்டு லாரியை மோதவிட்டபோது 90 பேருக்கு மேல் இறந்தார்கள், சுமார் 1,400 பேர் காயப்பட்டார்கள். வேலைக்கு வந்த குமாஸ்தாவும் தெருவில் நடந்த ஏழையும் அதில் உண்டு. வெடிகுண்டு யாரையும் வாளி என்று சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை. கணவனும் மனைவியும் ஒரே பஸ்ஸில் ஏறாமல் தனித்தனியே போன குடும்பங்கள் அங்கே இருந்தன. ஒருவராவது பிள்ளைகளுக்கு மிஞ்சவேண்டுமே என்று. வடக்கிலிருந்து வந்து விடுதியில் தங்கிய தமிழருக்கோ போலீஸ் பதிவு, அடையாள அட்டை, நடுராத்திரிச் சோதனை. 2007 ஜூன் 7-ந் தேதி விடியுமுன்னே 376 பேரை விடுதிகளிலிருந்து எழுப்பி, பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாளே உச்சநீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதம மந்திரியும் பின்பு வருத்தம் தெரிவித்தார்.

இவ்வளவுக்கும் நடுவிலே கொச்சிக்கடை அர்ச். அந்தோணியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை ஜனக்கூட்டம் வந்துகொண்டே இருந்தது. தமிழர், சிங்களர், சைவர், பௌத்தர் எல்லாரும் ஒரே சுரூபத்தின் கீழ் மெழுகுதிரி வைத்தார்கள். யுத்தம் 2009 மே மாதம் முடிந்து ஏறக்குறையப் பத்து வருஷம் சென்றபின், 2019 உயிர்த்த ஞாயிறன்று அந்தக் கோவிலுக்குள்ளேயே குண்டு வெடித்தது தனித் துக்கம்.

சரி, கரிவலம்வந்தநல்லூரில் நமக்கென்ன என்பீர்கள். நம் பக்கத்தில் புது ஆள் ஒருவர் வந்தால் முதலில் ஊர் கேட்கிறோம். ஊர் சொன்னால் போதவில்லை, "எந்தத் தெரு?" என்கிறோம். அந்தக் கேள்வி எதை அறியக் கேட்கப்படுகிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். நம்முடைய "ஷிபொலேத்" அதுதான். 1990-களில் நம் தென் மாவட்டங்களில் பற்றியெரிந்த சாதிக் கலவரங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. இன்ன நிறக் கயிறு என்றால் இன்ன சாதி. நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டபின், அரசாங்கம் நியமித்த நீதிபதி சந்துரு 2024 ஜூன் மாதம் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஒரு நீதிபதி வந்து சொல்லும்வரை தாய் தகப்பன்மார் நாம் என்ன பார்த்துக்கொண்டிருந்தோம்? கொழும்பில் கலகக்காரர் பட்டியலைத் தேடி எடுக்கவேண்டியிருந்தது. நாமோ பிள்ளையின் கையிலேயே எழுதி அனுப்புகிறோம்.

"கோவில் கயிறு, அழகுக்குக் கட்டினது" என்று பையன் சொல்லுவான். நிறத்தை மாற்றிக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வெளிவந்துவிடும். அடிக்க வேண்டாம். கொழும்பிலே கதவருகே நின்ற அந்தத் தகப்பனைப்பற்றிச் சொல்லுங்கள்; அதன்பின் அவனே அவிழ்க்கட்டும். பெரியவர்கள் கையிலும் வண்டியிலும் இருக்கிற அடையாளங்களை முதலில் அவிழ்த்தால் அவனுக்கும் சுலபம்.

வருகிற ஞாயிறு பூசைக்கு முன்னே கெபியின் பக்கத்தில் ஒரு தட்டு வைக்கப்பட்டிருக்கும். அவிழ்த்த கயிற்றை அதில் போட்டுவிட்டு உள்ளே வரலாம். யாருடையது, எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.