பதில் எழுத முடியாத கடிதம்

1973 ஆகஸ்ட் 15 அன்று தில்லி செங்கோட்டை வளாகத்தில் ஒரு பேழை மண்ணுக்குள் இறக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்று 25 ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாக அரசு தயாரித்த காலப் பேழை அது. சுதந்திர இந்தியாவின் கதையை எழுதி, உள்ளே வைத்து மூடி, நெடுங்காலம் கழித்துப் பிறக்கப்போகிறவர்களுக்காகப் புதைத்தார்கள். புதைத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. ஒரு பெண்.

அந்த ஆண்டும் கீழத்தஞ்சையில் என் பாட்டி சம்பா நடவுக்குப் போயிருப்பார். உடம்பில் தெம்பு இருந்தவரை அவர் வயலுக்குப் போகாத பருவம் கிடையாது. ஆனால் அரசின் கணக்கில் அவர் உழைப்பாளி இல்லை.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பருவ காலத்தில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வழக்கமாக வேலை செய்தவர்களும் உழைப்பாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். 1971இல் வரையறை மாறியது. முதன்மையான வேலை எது என்று கேட்டார்கள். வீட்டு வேலை என்று பதில் வந்தால் அந்தப் பெண் உழைப்பாளி அல்லாதவர். நாடு முழுவதும் பெண் உழைப்பாளிகளின் எண்ணிக்கை சட்டெனச் சரிந்தது. பத்தே ஆண்டுகளில் அத்தனை பெண்களும் வயலைவிட்டுக் கரையேறிவிட்டார்களா என்ன? எங்கள் வீட்டு வாசலில் நின்று பதில் சொன்னவர் தாத்தா. “அவ வீட்லதான் இருக்கா” என்றாராம். அந்த நேரத்தில் பாட்டி உளுந்து பறிக்கப் போயிருந்தார் என்பதை அம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ அந்தப் பெட்டிக்குள்ள உங்க பாட்டியையும் சேர்த்து எழுதியிருந்தா சரியாகியிருக்குமா, மேடம்?”

உடனே ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பெண்ணிய வரலாறு என்றாலே விடுபட்டவர்களைச் சேர்ப்பது என்றுதான் நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன். ஆனால் செங்கோட்டைப் பேழைக்குப் பிறகு நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால் அந்த ஆமாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

பேழைக்கான வரலாற்றை எழுதும் பொறுப்பு சென்னையைச் சேர்ந்த ஒரு வரலாற்றுப் பேராசிரியரிடம் தரப்பட்டிருந்தது. கருத்துக் கேட்டு அனுப்பப்பட்ட பிரதியைப் படித்த தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் தலைமை அதிகாரி அதன் குறைகளை வெளிப்படையாகச் சொல்ல, சர்ச்சை எழுந்தது. எந்தத் தலைவரின் பெயர் இருக்கிறது, எவருடையது இல்லை என்று நாடாளுமன்றம்வரை சண்டை போனது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு பேழையைத் தோண்டி எடுத்தது. வரும் நூற்றாண்டுகளோடு பேசப் புறப்பட்ட பேழை மண்ணுக்குள் இருந்தது நான்கே ஆண்டுகள்.

புதைத்தவர்களும் தோண்டியவர்களும் எதிரெதிர் அணி. ஆனால் வருங்காலத்திடம் நாட்டின் சார்பில் பேசும் உரிமை ஆட்சியில் இருப்பவர்களுக்கே என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

இதே அரசு, இதே ஆண்டுகளில், இன்னொரு வேலையையும் செய்தது. 1971இல் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. தலைவர் பூல்ரேணு குஹா. உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார். பேழை மண்ணுக்குள் போனபோது இந்தக் குழு ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது. 1974 டிசம்பரில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கை தயாரானது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971இல் 930 பேர்தான் இருந்தார்கள். வேலையில், அரசியலில், உயிரோடு இருப்பதிலேயே பெண்கள் பின்தங்கிக்கொண்டிருப்பதை அறிக்கை எடுத்துவைத்தது. அரசியல் சட்டம் தந்த சமத்துவத்தில் வளர்ந்த, படித்த பெண்களான தாங்களே இதை அறியாமல் இருந்தது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று வீணா மஜும்தார் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

அந்த அறிக்கையில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வேண்டாம் என்று குழுவின் பெரும்பான்மை சொன்னது. உடன்படாதவர்களின் மறுப்புக் குறிப்பும் அதே அறிக்கையில் அச்சாகியிருக்கிறது. தன்னை மறுப்பவருக்கும் உள்ளேயே இடம் தந்த ஆவணம் அது. அதனால்தான் அடுத்து வந்தவர்கள் அதைப் படித்தார்கள், அதனோடு சண்டை போட்டார்கள், அதிலிருந்து தொடர்ந்தார்கள்.

மாணவி விடவில்லை. “நம்ம பாட்டிங்க எழுதினது எதுவுமே மிஞ்சலையே. பூட்டி வச்சிருந்தாலாவது இருந்திருக்குமே?”

நியாயமான கேள்வி. என் பாட்டியின் கையெழுத்துகூட என்னிடம் இல்லை. அவர் கைநாட்டு வைத்த காகிதங்களையும் கரையான் தின்றுவிட்டது. காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு என்னைவிட யாருக்கு இருக்கும்? ஆனால் காப்பாற்றுவது வேறு, மூடி முத்திரை வைப்பது வேறு. 1973இல் ஒரு நல்ல மனிதர் என் பாட்டியையும் சேர்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? ‘உழைக்கும் இந்தியத் தாய்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்து, “கூலியில பாதி ஏன் அவருக்கு மட்டும் போச்சு, அதையும் எழுது” என்று சொல்ல பாட்டிக்கு வழி இருந்திருக்காது. அவரைத் தவிர்த்த பெட்டி அவருக்குச் செய்தது அநியாயம். அவரைப் பற்றி அவரைக் கேட்காமல் எழுதி, அவர் திருத்த முடியாதபடி பூட்டும் பெட்டியும் அதே அநியாயத்தைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் செய்கிறது.

வருங்காலத்துக்கு எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்று உயிரோடு இருப்பவர்கள் படித்து, ‘இது பொய்’ என்று ஓரத்தில் எழுதிவைக்க இடம் விட்ட பிறகு எழுதட்டும். நாட்டின் 75ஆம் ஆண்டைக் கொண்டாடிவிட்டோம்; நூறாம் ஆண்டும் வரும், அப்போதும் யாராவது ஒரு பெட்டி செய்வார்கள். அதற்குள் என்ன வைப்பது என்று கேட்பதற்கு முன்னால், அதை மூடுமுன் யாரெல்லாம் படித்தார்கள் என்று கேட்டுப் பழகுவோம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2027 கணக்கெடுப்புக்காக உங்கள் வீட்டு வாசலுக்கும் ஒருவர் வருவார். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்பார். அப்பா பதில் சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அம்மாவைக் கூப்பிடுங்கள்.