கூடையில் குறைந்த இரண்டு கிலோ

பசறை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். ஒருத்தியின் கூடையில் இரண்டு கிலோ குறைந்தால் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான்; அதாவது அரைநாள் சம்பளந்தான். அப்போது பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து அள்ளிப் போடுவாள். சொந்தக்காரியாக இருக்க வேண்டும் என்றில்லை. முதல்நாள் பீலியடியில் தண்ணீருக்குச் சண்டை போட்டவளாகக்கூட இருப்பாள். "நாளைக்கு எனக்குக் குறைஞ்சா நீ போடு" என்பதோடு சரி.

தோழமைக்கு அடிப்படை அன்பு என்பார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதந்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரரை யாரும் பிடித்துப்போய்த் தேர்ந்துகொள்வதில்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தூக்கம் கெடும். அந்த நெருக்கத்தைத் தூரத்திலிருந்து எழுதி உருகுகிறவர்கள் ஒரு மழைக்காலம் அங்கே குடியிருந்து பார்க்கட்டும். என் கணக்கில், பங்கு கொடுக்கிறவர்தான் கூட்டாளி. பிரியம் பின்னால் வந்தால் வரட்டும்.

நாடுகளையும் இந்தத் தராசில் நிறுக்கலாம். இத்தாலியின் மற்ற ஊர்க்காரர்களை ரோமானியர் 'தோழர்கள்' என்றுதான் அழைத்தார்கள். ரோமின் படையில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவர்களே. சாவதற்குத் தோழர், குடியுரிமைக்கு அந்நியர். பொறுத்துப் பார்த்துக் கி.மு. 91இல் எழுந்தார்கள். அந்தப் போருக்கே 'தோழர் போர்' என்று பெயர். மறு ஆண்டே, ஆயுதம் எடுக்காமல் நின்ற ஊர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டத்தை ரோம் நிறைவேற்றியது.

மலையகத்து நம் ஆட்கள் ஆயுதம் எடுக்கவில்லை, வாக்குத்தான் போட்டார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 இடங்களில் பதுளையும் ஒன்று. எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். 1948இல் வந்த சட்டத்தால் குடியுரிமை போனது, 1949இல் வாக்கும் பறிபோனது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஒரு இடம்கூட இல்லை. காப்பிக் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மலையைத் தோட்டமாக்கியவர்கள் 'இந்தியர்' ஆனார்கள்.

பிறகு நடந்தது இன்னும் கொடுமை. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். ஆட்களை இப்படியா பங்கு போடுவது? பதுளை ஸ்டேசனில் அழுதுகொண்டே ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறினார்கள். கொழுந்தை அள்ளிப் போட்டவள் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போனாள். வாங்கிக்கொண்டவள் இங்கேயே நின்றாள்.

நின்றவர்களுக்கு 1988இல் ஒரு சட்டம், 2003இல் ஒரு சட்டம் என்று குடியுரிமை வந்து சேர்ந்தது. வாக்குச்சீட்டும் கைக்கு வந்தது. ஆனால் குடியிருக்கும் காம்பராவும் அது நிற்கிற மண்ணும் இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் பேரில் இல்லை.