தள்ளிவிடுகிற கடவுள்

பதினோராம் வகுப்பில் நியூட்டன் விதிகளை நடத்தும்போது யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சார், எது நகரணும்னாலும் விசை வேணும்னா, முதல்ல தள்ளிவிட்டது கடவுள்தானே?" நான் தினமும் திருநீறு பூசுகிறவன். ஆனாலும் "ஆமாம்" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கேள்விக்குள் அரிஸ்டாட்டில் இருக்கிறார். நகரும் எதையும் நகர்த்த இன்னொன்று வேண்டும் என்றவர் அவர். 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கடவுளுக்கான தன் முதல் வாதத்தை அதிலிருந்தே எழுப்பினார். (அவர் சொன்ன இயக்கத்தில் எல்லா வகை மாற்றமும் அடங்கும், ஆனால் பிள்ளைகள் கேட்பது இடம்பெயர்வதைப் பற்றித்தான்.) 1687இல் வந்த நியூட்டனின் பிரின்சிபியா நூல் அரிஸ்டாட்டிலின் அந்தக் கருத்தை மாற்றிவிட்டது. நகர்ந்துகொண்டிருக்க விசை தேவையில்லை. வேகமோ திசையோ மாறத்தான் விசை வேண்டும். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், எந்த எஞ்சினும் தள்ளாமலே இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது.

விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் வருவது. 1 கிலோ பொருளின் வேகம் நொடிக்கு நொடி 1 மீட்டர் கூடினால், அதன்மேல் செயல்படுவது 1 நியூட்டன். அதே விசை 10 கிலோவின் மேல் பட்டால் முடுக்கம் பத்தில் ஒன்றாகிவிடும். கடவுளை இந்தக் கணக்கில் விசையாக வைத்தால் அவரையும் நியூட்டனில் அளக்க வேண்டும். மூன்றாம் விதியும் விடாது: அவர் கோளைத் தள்ளினால் கோளும் அவரை அதே அளவு திருப்பித் தள்ளும். அப்படித் தள்ளப்படுகிறவர் இன்னொரு பொருள்தான், கடவுள் அல்ல.

நியூட்டன் ஆழ்ந்த பக்தர். கோள்களின் ஒழுங்கு மெல்ல மெல்லக் குலையும், ஒருநாள் அதைச் சீர்செய்ய வேண்டியிருக்கும் என்று அவரே எழுதினார். அடிக்கடி பழுதுபார்க்க வேண்டிய கடிகாரத்தையா கடவுள் செய்தார் என்று 1715இல் தத்துவஞானி லைப்னிட்ஸ் சாடினார். இந்தச் சண்டையில் நான் லைப்னிட்ஸ் பக்கம். வியாழன், சனி இரண்டின் பாதையிலும் தெரிந்த பிறழ்வு கூடுவதும் குறைவதுமாகத் திரும்பத் திரும்ப வருவதே என்று 1780களில் கணிதவியலர் லாப்லாஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்.

என்னைக் கைகூப்ப வைப்பது நிறை. தள்ளினால் எதிர்த்து நிற்கும் நிறையும் பூமி இழுக்கும் நிறையும் ஏன் ஒன்றாகவே இருக்க வேண்டும்? நியூட்டன் இரண்டு மரப்பெட்டிகளை 11 அடி நூல்களில் தொங்கவிட்டார். பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், தண்ணீர், கோதுமை என்று ஒவ்வொன்றாக வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும், தெரியவில்லை. பொன்னுக்கும் கோதுமைக்கும் ஒரே நீதி! இந்தச் சமத்துவத்தின் மேல்தான் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியலைக் கட்டினார். ஆனால் உலகம் ஏன் இப்படியொரு விதிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பின்னும் நிற்கிறது.

இறைவன் சன்னிதியிலேயே எல்லாம் நிகழ்கின்றன, அவன் மாறுவதில்லை என்கிறது சைவ சித்தாந்தம். தள்ளாதவனை எதுவும் திருப்பித் தள்ளாது. இதை இயற்பியல் நிரூபிக்காது, மறுக்கவும் செய்யாது. நான் நம்புகிறேன், அவ்வளவுதான்.

மேடையில் பேசும் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நியூட்டன் விதியைக் காட்டிக் கடவுளை நிரூபிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த விதியை முதலில் சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.