உரிமமும் பொறுப்பும்

படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த வயல்களில், பாம்பு தீண்டியவனை முதலில் எங்கே கொண்டு செல்வது? 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் வாவியைக் கடக்கத் தோணியும் பாதைப் படகுமே வழி. நஞ்சு படகுக்காகக் காத்திராது. ஆதலால் விஷகடிப் பரியாரியாரின் படலைக்கே ஊரார் ஓடினர்.

இலங்கையில் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மேலை மருத்துவரைப் பதிவேட்டிற் சேர்த்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சித்த, யுனானி, நாட்டு வைத்தியங்களையும் தன்னுள் அடக்கிற்று. (ஆயுள்வேதம் என்னும் பெயருக்குள் சித்தம் அடங்க நேர்ந்தமை தனியே ஆராயத்தக்கது.) பதிவு பெறாத பரியாரியாரோ சட்டத்தின் கண்ணுக்குப் புறம்பானவர், ஊரின் கண்ணுக்கு உயிர் காத்தவர். எக்கண் சரியாகக் காண்கின்றது?

ஊரின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. பரியாரியார் தம் நோயாளரின் நடுவிலேயே வாழ்பவர். தவறிழைத்தால் நாளை அதே கோயில் வீதியில் அவர்களின் முகத்தில் விழிக்கவேண்டும். ஒருவரையொருவர் அறியாத நகரத்துக்கே பதிவேடு வேண்டும், கிராமத்துக்கு ஊர்க்கண்ணே போதும் என வாதிடலாம். ஆனால் இவ்வாதம் முழுமையானதன்று. நஞ்சற்ற பாம்பு தீண்டியவனும் பிழைக்கின்றான். அது பரியாரியாரின் கைராசியாகின்றது. நஞ்சேறியவன் இறந்தாலோ அது விதியாகின்றது. வெற்றியை வைத்தியர் பெயரிலும் தோல்வியை விதியின் பெயரிலும் எழுதும் கணக்கில் பொறுப்புக்கே இடமில்லை. இறந்தவனின் மனைவி 'ஏன்?' என்று கேட்கவும், கேட்கப்பட்டவர் விடை கூறவும் ஓரிடம் வேண்டும். உரிமத்தின் அறம் அறிவுக்குச் சான்றளிப்பதில் மட்டுமன்று, அவ்விடத்தை அமைப்பதிலும் உள்ளது.

அதே கேள்வி அரசையும் நோக்கித் திரும்புகின்றது. நஞ்சுமுறி மருந்தையும் மருத்துவரையும் மறுகரையில் இருக்கவிட்டு, இக்கரைப் பரியாரியாரை மட்டும் தடுக்கும் சட்டம், படகுத்துறையில் உயிர் துறந்தவனின் சார்பில் எழும் வினாவுக்கு எங்கே நின்று விடை கூறும்?